தலைமயிர் கொட்டினால் மூன்று மாதம் பின்னுக்குப் பாருங்கள்

(மருதனார்மடத்தில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இண்டைக்குத் தலைமயிரைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சிரிக்காதேங்கோ. காய்ச்சல் வந்தால் ஒருவரும் மறைக்கிறதில்லை. மயிர் கொட்டினால் மட்டும் வெட்கப்பட்டு, உழைத்த காசை எண்ணெய்ப் போத்தலுக்குக் கொடுக்கிறோம்.

ஒருவருடைய தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர் இருக்கும். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை. ஒவ்வொரு மயிரும் சில வருடம் வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருந்து, பிறகு விழும். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் நிறைய மயிர் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது 2, 3 மாதம் கழித்துத்தான். அதனால்தான் போன கிழமை மாற்றின சவர்க்காரத்தையும் கிணற்றுத் தண்ணியையும் குற்றம் சொல்லுகிறோம். உண்மைக் காரணம் அதற்கு முந்தி வந்த டெங்குக் காய்ச்சலாகவோ, பிள்ளைப்பேறாகவோ, சத்திரசிகிச்சையாகவோ இருக்கும். 2020இல் கொரோனா பரவிய பிறகும் பலருக்கு இப்படிக் கொட்டியது. பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு மயிர் கொட்டும் என்று பழைய ஆட்கள் சொல்லுவினம். மாதக் கணக்கு அவ்வளவு பிழையில்லை! இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகக் குறையும்.

குறையாவிட்டால் முதலில் இரத்தத்தைப் பாருங்கள். மாதவிடாய் அதிகம் போகிறவர்களுக்கும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும் இரும்புச்சத்து குறையும். படி ஏற மூச்சு வாங்கும், களைக்கும், மயிரும் கொட்டும். சோகை தெரியாத ஆளுக்கும் உடம்பில் சேமித்து வைத்த இரும்பு குறைந்திருக்கலாம். அதற்கு பெரிட்டின் என்ற சோதனை உண்டு. தைரொயிட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம். எங்கடை ஆட்கள் சோற்றோடு பிளேன்ரீ குடிக்கிறார்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. நாங்கள் பறிக்கிற கொழுந்தே எங்களுக்கு இடைஞ்சல்! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். மருதனார்மடம் சந்தையில் கிடைக்கிற முருங்கையிலை, கீரை நல்லதுதான். தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. மீன், ஈரலில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும்.

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். மலையகத்தில் தேயிலை. அங்கே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பார்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் உராய்ந்தால் அந்த இடம் மொட்டையாகும். இறுக்கிப் பின்னினாலும் நெற்றியோரம் அப்படித்தான். தொடக்கத்திலேயே தளர்த்தினால் திரும்ப முளைக்கும். வேர் செத்துத் தழும்பான பிறகு எதைப் பூசியும் பலனில்லை. ஆகவே கயிற்றுக்குக் கீழே தடித்த துணி வையுங்கள். முடிந்தால் தோளில் மாட்டுகிற பையைக் கேளுங்கள்.

வட்டமாக, வழுவழுப்பாக உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். புழு ஒன்றும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகலுவது பரம்பரை வகை. அதற்கு மினொக்சிடில் என்ற பூச்சு மருந்தை 1991இல் அமெரிக்கா பெண்களுக்கு அனுமதித்தது. மாதக்கணக்கில் விடாமல் பூச வேண்டும், முதல் சில கிழமை கூடுதலாகக்கூடக் கொட்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தொடவே கூடாது. தேங்காயெண்ணெய் மயிர் முறியாமல் காக்கும், புது மயிரை முளைக்க வைக்காது.

கிளினிக்குக்குப் போகும்போது கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், குடித்த மருந்து, மாதவிடாய்க் கணக்கு மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள். ஆம்பிளையள் வெளியே நிற்கட்டும்.