இரத்தம் கொடுப்போரும் மறைந்திருக்கும் காமாலையும்

(ஒரு கிராமத்தில் இரத்ததான முகாம் தொடங்குமுன் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இரத்ததானம் செய்யப் பெயர் கொடுத்திருக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லும்படி தலைவரவர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இக்கூட்டத்தில் இனி ஒருபோதும் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்களால் தள்ளப்பட்ட ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவர் வேறு யாருமல்ல. உங்கள் முன் நின்று பேசும் நாமேதான். அதனாலேயே இதைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை உண்டு என்று கருதுகிறோம்.

நடந்ததைச் சொல்லி விடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு முகாமில் நாமும் இரத்தம் கொடுத்தோம். நல்ல உடல், நல்ல பசி, நாள் முழுவதும் சைக்கிள் மிதித்துப் பிரசாரம் செய்கிற தெம்பு. சில நாட்கள் கழித்து இரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நேரில் போனோம். உம்முடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வியாதியின் கிருமி இருக்கிறது, அந்த இரத்தத்தை அழித்து விட்டோம், உம்முடைய வீட்டாரையும் பரிசோதனைக்கு அழைத்து வாரும் என்றார்கள்.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? மேடை மேடையாக ஏறி, வியாதி என்பது பாவத்தின் சம்பளம் அல்ல என்று பேசி வந்த நாம், அந்தக் கடிதத்தைப் பதினோரு நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்தோம். ஊரார் நம் நடத்தையைச் சந்தேகிப்பார்களே என்று அஞ்சினோம். அந்தப் பதினோரு நாளும் நமது மனைவியார் ஒன்றும் அறியாமல் ஆபத்தோடு குடித்தனம் செய்தார்கள். பிறருக்குப் பகுத்தறிவு சொல்லுவது சுலபம்; தன் தலைக்கு வந்தபோது அதை வைத்துக் கொள்ளுவதுதான் கஷ்டம் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

தோழர்களே! இது அபூர்வமான வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் இரத்தம் கொடுக்க வருகிறவர்களைச் சோதித்துப் பார்த்தால், ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் ஹெபடைடிஸ் பி காணப்படுகிறது. ஹெபடைடிஸ் சி என்னும் இன்னொன்று ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேரிடம் காணப்படுகிறது. இவர்களெல்லாம் நோயாளிகள் அல்ல. கேள்வி கேட்டு, எடை பார்த்து, ஆரோக்கியசாலி என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். 2022ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம். சி உள்ளவர்கள் சுமார் 55 லட்சம். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. இருபது முப்பது வருஷம் சத்தமின்றி இருந்துவிட்டு, ஒருநாள் கல்லீரல் சுருங்கியோ, புற்றுநோய் கண்டோ ஆளைக் கொல்லும். ஆகையால் ஆளைப் பார்த்து, முகக்களையைப் பார்த்து, குலத்தைப் பார்த்து, குளித்து முழுகியிருப்பதைப் பார்த்து இவன் இரத்தம் சுத்தம் என்று சொல்லுவது வெறும் குருட்டு நம்பிக்கையேயாகும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் சொல்லுகிறோம். 1942ஆம் ஆண்டில் அமெரிக்கப் பட்டாளத்தாருக்கு மஞ்சள் ஜுரம் வராதிருக்க ஓர் ஊசி போட்டார்கள். அந்த மருந்து கெடாமலிருக்க மனித இரத்தத்தின் தெளிந்த நீரை அதில் கலந்திருந்தார்கள். அந்த நீரைக் கொடுத்தவர்களில் மருத்துவ மாணவர்களும், தாதிகளும் இருந்தார்கள். படித்தவர்கள், சுத்தமானவர்கள், பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவர்கள். ஆனால் பலன் என்ன? ஏறக்குறைய 50,000 சிப்பாய்கள் காமாலையில் விழுந்தார்கள். மறு ஆண்டில், அதாவது 1943இல், பீஸன் என்னும் டாக்டர், இரத்தம் ஏற்றிக் கொண்டவர்களுக்கு ஒன்று முதல் நான்கு மாதங்களுக்குள் காமாலை கண்டதை எழுதி வெளியிட்டார். கொடுப்பவனுக்கு ஒன்றுமில்லை, வாங்கியவனுக்கு நோய் என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

கிருமியின் அடையாளத்தைக் கண்டவர் புளூம்பெர்க் என்னும் அமெரிக்கர். அவர் காமாலையைத் தேடிப் போனவரல்ல; மனிதருக்கு மனிதர் இரத்தத்தில் என்ன வித்தியாசம் என்று ஆராய்ந்தவர். பல தடவை இரத்தம் ஏற்றிக் கொண்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் இரத்தநீரை, ஆஸ்திரேலியப் பழங்குடியார் ஒருவரின் இரத்தநீரோடு சேர்த்துப் பார்த்தபோது புதியதொரு பொருள் தென்பட்டது. 1965இல் அதை வெளியிட்டார். அது இந்தக் கிருமியின் மேலுறை என்பது பிறகு தெரிந்தது. இன்று உங்கள் இரத்தத்தில் தேடப்படுவதும் அதேதான். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹெபடைடிஸ் சி கிருமி 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வேலைக்காக மூவருக்கு 2020இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எந்த ரிஷியும் ஞான திருஷ்டியில் கண்டு சொன்னதல்ல. பார்த்துப் பார்த்து, தப்பித் தப்பி, மனிதன் கண்டுபிடித்தது.

அடுத்து, பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில், 1970க்கு முன் இருதய அறுவைக்காக இரத்தம் ஏற்றிக் கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கல்லீரல் நோய் கண்டது. அப்போது இரத்தத்தை விலைக்கு வாங்கி வந்தார்கள். 1970இல் விலை இரத்தத்தை நிறுத்தித் தானமாகக் கொடுப்போரிடம் மாத்திரம் வாங்கி, பி கிருமிக்குப் பரிசோதனையும் செய்ததில், அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. சி கிருமிக்கும் பரிசோதனை வந்த பிறகு அனேகமாக இல்லாமலே போயிற்று.

இதைக் கேட்டு, ஏழையின் இரத்தம் மட்டமானது என்று யாராவது அர்த்தம் செய்தால் அது அயோக்கியத்தனமாகும். இரத்தத்தில் ஏழை பணக்காரன் கிடையாது. பசிக்காக இரத்தம் விற்கிறவன், தனக்கு வந்த நோயைச் சொன்னால் அன்றையக் கூலி போய்விடும், ஆதலால் மறைக்கிறான். குற்றம் அவனுடைய இரத்தத்தில் இல்லை. அவனை விற்க வைத்த நிலைமையில் இருக்கிறது. இந்நாட்டில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பின் பேரில், 1998 ஜனவரி 1 முதல் இரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டது. சி கிருமிக்கான பரிசோதனை 2001இல் கட்டாயமாயிற்று.

ஆனால் பரிசோதனை இருக்கிறதே, நாம் எதற்கு உண்மை சொல்ல வேண்டும் என்று கேட்பீர்களானால், அதற்கும் பதில் உண்டு. கிருமி உடம்பில் புகுந்த புதிதில் சில வாரங்கள் வரையில் எந்தப் பரிசோதனைக்கும் அது அகப்படாமல் போகலாம். ஒருவர் கொடுக்கும் இரத்தத்தை மூன்று பாகமாகப் பிரித்து மூன்று நோயாளிகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். ஆகவே அங்கே கேட்கும் கேள்விகளுக்கு, சமீபத்தில் பச்சை குத்தினீரா, ஊசி போட்டீரா, காமாலை கண்டதா என்பவைகளுக்கு, ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். இலவசமாகச் சோதித்துக் கொள்ளலாம் என்பதற்காக மாத்திரம் இரத்தம் கொடுக்க வராதீர்கள். சந்தேகமிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக் கொள்ளுங்கள்.

இனி மந்திரவாதிக்கு வருவோம். நமது விஷயம் வெளியானதும் உறவினர் ஒருவர் காமாலைக்கு மந்திரிக்கும் ஆசாமி ஒருவரிடம் நம்மை இழுத்தார். அந்த வித்தை உங்களுக்குத் தெரியும். நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவுவான், தண்ணீர் மஞ்சளாகும், காமாலை இறங்கியது என்பான். மாமரப் பட்டையின் சாற்றைத் தன் கையில் முன்பே தடவிக் கொண்டால் யார் கழுவினாலும் சுண்ணாம்புத் தண்ணீர் மஞ்சளாகும். அப்படியானால் பலருக்குக் குணமாகிறதே என்பீர்கள். உண்மைதான். கெட்ட தண்ணீராலும் அசுத்த உணவாலும் வருகிற ஏ, இ என்ற காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். இயற்கை செய்த வேலைக்கு மந்திரவாதி கூலி வாங்குகிறான். ஆனால் பி, சி என்பவை இரத்தத்தில் வருஷக்கணக்காய் இருப்பவை. நமக்குக் கண்ணும் மஞ்சளாகவில்லை, நகமும் மஞ்சளாகவில்லை. இல்லாத மஞ்சளை அவன் எப்படி இறக்குவான்?

கீழாநெல்லியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், மேற்சொன்ன புளூம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பி கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அதில் கண்டிருந்தது. நம் நாட்டு மூலிகை என்று நாமும் பெருமைப்பட்டதுண்டு. ஆனால் பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்முடையது என்பதற்காக ஒன்றை ஒப்புக் கொள்ளுவதும், அந்நியனுடையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் பகுத்தறிவாகாது. ஆதலால் டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்திற்கொரு முறை கல்லீரலைச் சோதித்துக் கொண்டு வருகிறோம்.

கடைசியாக, நமது தாயாரைப் பற்றி. வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. தாயாருக்கு இருந்தது. பிறக்கும்போதே நமக்கு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அன்றிரவு அந்த அம்மாள் சாப்பிடவில்லை. "ஏம்பா, நான் குடுத்த பாலா உனக்கு விஷமாப் போச்சு? எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்று அழுதார்கள். நாம் சொன்னோம்: "அம்மா, பாலில் வருவதல்ல இது, பிரசவத்தின்போது இரத்தத்தின் வழியாய் வருவது. அப்போது இவ்வூரில் தடுப்பூசி இல்லை. உங்கள் பாவமுமல்ல, என் பாவமுமல்ல." மறுநாள் பக்கத்து வீட்டில் தாயாருக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தார்கள். இந்நாட்டில் தனி டம்ளரின் சரித்திரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோழர்களே, இது ஒரே இலையில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தொட்டாலும், கட்டி அணைத்தாலும், ஒரே கிணற்றில் இறைத்தாலும் ஒட்டாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும், ஒரே ஊசியையும் சவரக் கத்தியையும் பலருக்குப் போடுவதாலுமே ஒட்டும். காது குத்தும் ஊசிக்கும், மொட்டை அடிக்கும் கத்திக்கும் பயப்படாத நாம், ஒரு கிழவி குடித்த டம்ளருக்குப் பயப்படுகிறோமே, இது என்ன புத்தி?

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட வேண்டும். நாள், நட்சத்திரம், தீட்டு என்று தள்ளிப் போடாதீர்கள். பிறக்கும்போது இந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். சி கிருமி கண்டவர்கள் கலங்க வேண்டாம்; பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. 2018இல் துவக்கிய தேசியத் திட்டத்தின்படி அந்த மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

ஆகவே தோழர்களே, தைரியமாய் இரத்தம் கொடுங்கள். உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். உங்களில் யாருக்காவது நமக்கு வந்தது போல் ஒரு கடிதம் வருமானால், பதினோரு நாள் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், அன்றைக்கே வீட்டாரிடம் காட்டி, அவர்களைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். மற்றவர்கள் அவருக்குத் தனி டம்ளர் வைக்காமலிருங்கள். இவ்வளவு செய்தால் நாம் வெட்கத்தை விட்டு இங்கு பேசியதற்குப் பலன் கிடைத்ததாகக் கருதி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.