ஊழலைத் திறந்த தாள்கள்



பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் நின்று பேசுகின்றேன். தாளிடுதல் என்றால் பூட்டுதல். ஆனால், அரசு இட்ட தாளைத் திறந்தவையும் தாள்களே. அந்தச் செய்தியைச் சொல்லவே வந்தேன்.

முதற்கண் ஒரு சொல். இலஞ்சம் என்று இரவல் சொல்லை வழங்குவோர், கையூட்டு என்னும் நம் சொல்லை மறந்தனர். ஊழல் என்பதும் நம் சொல்லே. ஊழ்த்தல் என்பது பதனழிதல். உள்ளே அழுகியது ஊரெல்லாம் நாறுவதற்குமுன் மூடியைத் திறந்து காட்டுவதே புலனாய்வு இதழாளர் பணி.

1986 மார்ச்சுத் திங்களில் இந்திய அரசு, சுவீடனின் போபர்சு நிறுவனத்திடம் 410 பீரங்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. விலை ஏறத்தாழ 1437 கோடி உருவா. இடைத்தரகர் எவரும் இலர் என்றனர். 1987 ஏப்பிரல் 16-இல் சுவீடன் வானொலி, கையூட்டுக் கைமாறியது என்று அறிவித்தது. தில்லி மறுத்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் சான்றில்லை என்றே எழுதிக் கொடுத்தது.

அப்போது செனீவாவில் இருந்த சித்திரா சுப்பிரமணியம் என்னும் இளம்பெண் அந்தச் சான்றைத் தேடிப் பெற்றார். சென்னையில் என். இராம் துணைநின்றார். 1988 முதல் 'இந்து' நாளிதழ் மூல ஆவணங்களைப் படியெடுத்து அப்படியே அச்சிட்டது. 'தாமரை' முதலிய மறைபெயர்களில் சுவிசு வைப்பகங்களுக்குத் தொகை சென்றதை மக்கள் கண்ணால் கண்டனர். பெயரைப் பாருங்கள், சேற்றில் முளைத்த தாமரை! 1989 அக்டோபரில் அவ்விதழே தொடரை நிறுத்தியபோது, சித்திரா ஓயவில்லை. பிற இதழ்களில் எழுதினார்.

ஆவணங்களை அளித்தவர் யார்? 24 ஆண்டுகள் அப்பெயர் வெளிவரவில்லை. 2012-இல் சுவீடன் காவல்துறை அதிகாரியாயிருந்த சுடென் இலிண்டுசுட்ரோம் தாமே முன்வந்து சொன்னார். இராசீவ் காந்தி பணம் பெற்றதற்குச் சான்றில்லை, ஆனால் மூடிமறைப்பைக் கண்டும் வாளாவிருந்தார் என்பதும் அவர் கூற்றே. 2004-இல் தில்லி உயர்வழக்குமன்றமும் இராசீவ் மீதிருந்த கையூட்டுக் குற்றச்சாட்டைத் தள்ளியது. பகைவனேயாயினும் சான்றுக்கு மேல் ஒரு சொல் கூறலாகாது. மேடையேறும் நம் இளைஞர் இதனைக் கருதுக.

இனி நம் வீட்டுக் கதை. 1989 நவம்பரில் இராசீவ் ஆட்சி வீழ்ந்தது. ஆவணம் அச்சான தமிழ்நாட்டிலோ, 39 இடங்களில் 38-ஐ அவர் கூட்டணியே வென்றது. திண்டுக்கல்லும் அதில் ஒன்று. கட்சிக் கணக்கைக் கேட்டு விலக்கப்பட்டவரின் புதுக்கட்சியை 1973 இடைத்தேர்தலில் வெல்லவைத்த அதே திண்டுக்கல்! கூட்டணி வலிமை முதலியன இருக்கட்டும். 1973-இல் கணக்கைப் பற்றிய பேச்சு தமிழில் தெருத்தெருவாய் வந்தது. 1989-இல் சான்றுகள் ஆங்கிலத் தாளில் கிடந்தன. பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் தோழர் அதனை எங்ஙனம் படிப்பார்?

2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. கணக்கைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கட்டணம் பத்து உருவா. சென்ற ஆண்டு நானும் ஓர் அலுவலகத்திற்குத் தமிழில் எழுதினேன். விடை ஆங்கிலத்தில் வந்தது. அதைத் திருப்பியனுப்பி, தமிழில் தருக என்று மீண்டும் எழுதியிருக்கின்றேன். விடை வந்ததும் இம்மன்றத்திலேயே படித்துக் காட்டுவேன்.