கொளாவிப்பாலத்து ஆமைக் காவலர்கள்



கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் இருக்கிறது. அங்கே பையோளிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். அதன் பெயர் கொளாவிப்பாலம். ஆறு கடலில் கலக்கும் இடம் அது.

அந்தக் கரைக்கு இரவில் கடல் ஆமைகள் வரும். தமிழில் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். தாய் ஆமை மணலில் குழி பறிக்கும். நூறு முட்டைக்கு மேலும் இடும். குழியை மூடும். கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

ஊர் மக்கள் ஆமையின் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். முட்டைகளை எடுத்துத் தின்பார்கள். விற்பதும் உண்டு. இது காலங்காலமாக நடந்தது. சட்டம் இதைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டம் பற்றிக் கடற்கரையில் யார் சொன்னார்கள்?

1992-ஆம் ஆண்டு. அந்த ஊர் இளைஞர்கள் சிலர் நாளிதழில் ஒரு கட்டுரை படித்தார்கள். பங்குனி ஆமை அழிந்து வருகிறது என்று அதில் இருந்தது. தங்கள் கரைக்கு வரும் அதே ஆமைதான்! இளைஞர்கள் முட்டை எடுப்பதை விட்டார்கள். முட்டைக்குக் காவல் இருக்கத் தொடங்கினார்கள். 'தீரம் பிரகிருதி சம்ரக்ஷண சமிதி' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். தீரம் என்றால் கரை.

இரவில் கரையில் நடப்பார்கள். முட்டைகளைப் பதமாக எடுப்பார்கள். வேலி போட்ட இடத்தில், அதே ஆழத்தில் புதைப்பார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தாமதித்து எடுத்து முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும்.

45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரியும். ஆண் குஞ்சா, பெண் குஞ்சா? மணலின் சூடுதான் அதை முடிவு செய்கிறது. சூடு மிகுந்தால் பெண். குறைந்தால் ஆண். ஆமை வீட்டில் பெண் பிறந்தால் மருமகளைக் குறை சொல்ல வழியே இல்லை!

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளியே வரும். வெளிச்சத்தை நோக்கி ஓடும். இருட்டில் கடல் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும். தெருவிளக்கு எரிந்தால் ஊர்ப் பக்கம் ஓடிவிடும். அங்கே நாய்க்கும் காக்கைக்கும் இரை. ஆகவே இளைஞர்களே அவற்றைக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். வனத்துறையும் துணை நின்றது. இவர்களைப் பற்றி 2002-இல் ஓர் ஆவணப்படமும் வந்தது.

முட்டைத் திருட்டைக் காவல் போட்டுத் தடுக்கலாம். கரையே போனால் என்ன செய்வது? ஆற்று முகத்தில் மணல் அள்ளினார்கள். ஆறு கொண்டுவரும் மணல்தான் கரைக்கு வந்து சேரும். அது குறைந்தது. அலை கரையைத் தின்றது. முட்டையிட வரும் ஆமைகளும் குறைந்தன. கரை போனால் ஆமைக்கு மட்டுமா இழப்பு? அடுத்து நிற்பது மீனவரின் வீடு.

சமிதி இளைஞர்கள் மணல் அள்ளுவதை எதிர்த்தார்கள். ஆற்றோரச் சேற்றில் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். அலையாத்தி வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன.