கோடு கிழிக்கும் கை



புனே நகரில் வாழும் தமிழ் மக்களில் பலருக்கு டெக்கான் ஜிம்கானா என்பது பேருந்து நிற்குமிடத்தின் பெயராகவே பழக்கம். 1906ஆம் ஆண்டில் தோன்றிய அந்த விளையாட்டுக் கழகந்தான், 1914இல் ஒரு குழுவை அமைத்து, கோ-கோ ஆட்டத்திற்கு முறையான விதிகளை வகுக்க முற்பட்டது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் நாம் ஆடிய அந்த ஆட்டம், 2025 ஜனவரியில் புதுதில்லியில் தன் முதல் உலகக் கோப்பைப் போட்டியைக் கண்டது. ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவிலும் இந்தியாவே வாகை சூடியது.

கோ-கோவிற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. இரண்டு கம்பங்களும் சிறிது சுண்ணாம்புத் தூளும் போதும். ஆனால் கம்பம் தானாக நட்டுக்கொள்வதில்லை. கோடு தானாக விழுவதுமில்லை.

நமது குடியிருப்பை அடுத்த திடலில் ஞாயிறுதோறும் முப்பது குழந்தைகள் ஆடி வந்தனர். ஓய்வுபெற்ற மராத்தியப் பெரியவர் ஒருவர் விடியுமுன் வந்து கல் பொறுக்கிக் கோடு கிழிப்பார். நாம் மாடியில் காப்பியுடன் நின்று ரசிப்போம். ஒருநாள் அவர் நோயுற்றுப் படுத்துவிட்டார். பெட்டியின் சாவி எங்கே என்பதுகூட எவருக்கும் தெரியவில்லை. மூன்று ஞாயிறுகள் குழந்தைகள் வந்து ஏமாந்து திரும்பினர். நான்காம் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அன்றுதான் நமக்கு வெட்கம் பிறந்தது.

"தொண்டர்கள் தேவை" என்று பலகையில் எழுதி ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. எல்லோரையும் அழைப்பது ஒருவரையும் அழைக்காததற்கே சமம் அன்றோ? பின்னர் வீடு வீடாகச் சென்றோம். ஒருவரிடம் நேரம் பார்க்கும் வேலை, மற்றொருவரிடம் கணக்கெழுதும் வேலை, இன்னொருவரிடம் முதலுதவிப் பெட்டி. அதுவும் இரண்டு மாதத்திற்கு மட்டும் என்றோம். வேலை இன்னது, முடிவு இன்ன நாளில் என்று தெரிந்ததும் பலர் இசைந்தனர்.

வந்தவர்களை நிலைக்கச் செய்வது அதனினும் கடினம். புதியவருக்கு விதிகளைப் பொறுமையாகக் கற்பித்தோம். நடுவர் தவறிவிட்டால் பெற்றோர் திடலில் நின்று ஏசக் கூடாது என்று முன்னரே கூறிவைத்தோம். சாவியை இருவரிடம் கொடுத்தோம். குழந்தைகளுடன் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும் என்றும் வகுத்தோம். முப்பதின்மரில் பதினெண்மரே திரும்பி வந்தனர். மற்றவர்களை நாம் இழந்துவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

2004ஆம் ஆண்டு லண்டனில் உள்ள புஷி பூங்காவில் ஓர் ஓட்டம் தொடங்கியது. ஓடியவர் 13 பேர். உதவியவர் 5 பேர். இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடைபெறும் பார்க்ரன் ஓட்டத்தின் தொடக்கம் அதுவே. உதவிய அந்த ஐவர் இல்லையேல் ஓட்டமே இல்லை.

"மொழி தெரியாதே" என நம்மவர் தயங்குவதுண்டு. ஸ்டாப்வாட்ச் பிடிப்பதற்கு இலக்கணம் வேண்டாம். மராத்தியில் இத்தகையோரைக் கார்யகர்த்தா என்பர். செயலைச் செய்பவர் என்பது பொருள். நாமோ தொண்டர் என்கிறோம். அச்சொல்லில் பணிவு ஒலிக்கிறது. திடலுக்கு இரண்டுமே வேண்டும்.

பெரியவர் உடல் தேறி, இப்போது நாற்காலியில் அமர்ந்து ஆட்டம் பார்க்கிறார். கோடு சற்றுக் கோணினால் கைத்தடியால் சுட்டிக் காட்டுகிறார். அதைத் திருத்துவது நம் கை.

வரும் ஞாயிறன்று உங்கள் தெருத் திடலுக்கும் ஒரு கை தேவைப்படும்.