தாயைத் தனியே விடவேண்டாம்

(வானொலி மறையுரை. வாசகம்: விடுதலைப் பயணம் 1:15-21)



விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம் எகிப்து மன்னனின் பெயரைச் சொல்வதில்லை. பார்வோன் என்ற பட்டத்தை மட்டுமே சொல்கிறது. ஆனால் எபிரேயப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த இரு மருத்துவச்சிகளின் பெயரை அது மறக்கவில்லை. ஒருவர் சிப்ரா, மற்றவர் பூவா. பிறப்பது ஆண் குழந்தையானால் கொன்றுவிட வேண்டும் என்பது அரச ஆணை. அவர்களோ கடவுளுக்கு அஞ்சினார்கள், குழந்தைகளை வாழவிட்டார்கள். அதிகாரத்தின் முன் தாய்க்காகவும் சேய்க்காகவும் நின்றதே அவர்களின் இறையச்சம்.

இத்தகைய பெண்கள் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன், துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில், ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடந்தராததால் பெண்கள் பேறுகாலத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். இதைக் கண்டு வருந்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், சகோதரிகளுக்கு அனுமதி தாருங்கள் என்று உரோமையில் மீண்டும் மீண்டும் மன்றாடினார். 1913-இல் அவர் இறந்தபோதும் அனுமதி வரவில்லை. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரிய இளம்பெண் அன்னா டெங்கல் மருத்துவம் படித்து, 1920-இல் இராவல்பிண்டிக்கு வந்தார். 1925-இல் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல் உரோமை அனுமதி அளித்தது. இப்பெண்கள் திருச்சபையை நேசித்துக்கொண்டே கேட்டார்கள். கேட்பதை நிறுத்தவும் இல்லை.

அன்பார்ந்தவர்களே, இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. இறைவனுக்கு நன்றி. ஆயினும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 60-ஐத் தாண்டுகிறது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 22-க்கும் குறைவு. தேவைப்படும் நேரத்தில் அறுவை சிகிச்சை உயிர் காக்கும் கொடை. தேவையில்லாதபோது, தாயின் உடலுக்கு அது காயம். ஏழைக் குடும்பத்துக்குக் கடன். வலியில் கதறியதற்காக ஏச்சு வாங்கிய பெண்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

வழி இல்லாமல் இல்லை. சிக்கல் இல்லாத பிரசவத்தை, நன்கு பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியரே பொறுமையாக நடத்தித் தர முடியும். சிக்கல் தெரிந்தால் உடனே மருத்துவரை அழைப்பார். இதற்கென்று செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தரும் வழிகாட்டுதலை நடுவண் அரசு 2018-இல் வெளியிட்டது. வீட்டிலேயே பிரசவம் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, அது ஆபத்து. மருத்துவமனைக்குள்ளேயே இப்படிப்பட்ட செவிலியர் வேண்டும் என்கிறேன். மேலும், பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-இலேயே கொண்டுவந்தார்கள். துணை தொடர்ந்து அருகில் இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இதை நம் அன்னை மரியா அறிந்திருந்தார். முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்தின் வீட்டுக்கு விரைந்து சென்றவர், வாழ்த்திவிட்டுத் திரும்பவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார்.

நாம் என்ன செய்யலாம்? நம் அன்பியத்தில் கருவுற்றிருக்கும் தாய்மார் யார் யார் என்று அறிந்துகொள்வோம். துணையில்லாதவரோடு பரிசோதனைக்கு ஒருவர் உடன் செல்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இடம் காலியாக உள்ளதா, பிரசவத் துணையை உள்ளே விடுகிறார்களா என்று கிராம சபையில் கேட்போம். மரியாதையோடு கேட்போம், அங்கே இரவும் பகலும் உழைக்கும் செவிலியரும் நம் சகோதரிகளே. பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபையிலும் கேட்போம்.

மன்றாடுவோம். வாழ்வின் ஆண்டவரே, இந்த நேரத்தில் பேறுகால வேதனையில் இருக்கும் தாய்மாரைக் காத்தருளும். அவர்களுக்கு உதவும் மருத்துவர், செவிலியர் கைகளை ஆசீர்வதியும். அவர்களுக்காகப் பேசும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.