நிலையாக் கலைக்குச் சாட்சி யார்?

திறந்த வெளியில் செய்யப்பட்டு, சில நாளிலோ சில நிமிடத்திலோ இல்லாமல் போய்விடும் கலையைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பிடப் போவது இரு கலைஞர்களை என்றாலும் தலையை எண்ணினால் மூவர் வருவார்கள். ஒருவர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி. 1956-இல் இங்கிலாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் பென்பான்ட் கிராமத்தில் குடியேறிய சிற்பி. மற்றவர் பல்கேரியாவில் பிறந்து, பாரிஸில் சில காலம் இருந்து, நியூயார்க்கில் நிலைகொண்ட கிறிஸ்டோ. அவருடைய பெரிய வெளிப்புறப் படைப்புகள் மனைவி ழான் கிளோடுடன் சேர்ந்து செய்தவை. ஆகவே அந்தத் தம்பதியை ஒரே கலைஞராகக் கொள்கிறேன். இவர்களைப் பற்றி ஒரு பொதுக்கருத்து வேரூன்றிவிட்டது. கோல்ட்ஸ்வொர்த்தி இலையையும் பனியையும் தொட்டுத் தடம் விடாமல் விலகும் சாது. கிறிஸ்டோவோ நிலத்தின் மேல் டன் கணக்கில் செயற்கைத் துணியைப் போர்த்திய ஆடம்பரக்காரர். சுற்றுச்சூழல் கணக்கில் இது ஓரளவு சரிதான். ஆனால் நிலையாமை என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதே என் வாதம்.

முதலில் கோல்ட்ஸ்வொர்த்தி. தாமஸ் ரீடல்ஷைமர் 2001-இல் எடுத்த ‘ரிவர்ஸ் அண்ட் டைட்ஸ்’ ஆவணப்படத்தில், கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். பனிக்குச்சிகளை உடைத்து, தேவைப்பட்டால் பல்லால் கடித்துச் சீராக்கி, ஈரத்தைத் தொட்டு ஒன்றோடொன்று உறையவைத்து ஒட்டுகிறார். கையுறை போட்டால் பிடி கிடைக்காது, வெறும் விரல்கள்தான். பாறைக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவருவதைப் போல நெளியும் பாம்பு வடிவம் ஒன்று உருவாகிறது. காலை வெயில் அதன் வழியே பாயும்போது அது ஒளிர்கிறது; அதே வெயில்தான் அதை உருக்கப் போகிறது. அதே படத்தில் கடலோரத்தில் கல்லைக் கல்மேல் வைத்துக் கூம்பு ஒன்றை அடுக்குகிறார். அது திரும்பத் திரும்பச் சரிகிறது. ஒவ்வொரு சரிவிலும் அந்தக் கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார். மழை தொடங்கும்போது தரையில் படுத்துவிட்டு, நனையாத உடல்வடிவத்தை மண்ணில் விட்டு எழுந்துபோகும் ‘மழை நிழல்’ இவற்றைவிடவும் குறுகிய ஆயுள் கொண்டது. கைத்திறன் என்ற வகையில் இவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இவற்றை யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் அவர் ஒருவர், சில சமயம் உதவியாள், சில சமயம் படப்பிடிப்புக் குழு. நமக்கு வந்து சேர்வது நிழற்படம். அதுவும் அவரே தேர்ந்த கோணத்தில், வெளிச்சம் உச்சத்தில் இருந்த நொடியில் எடுத்த நிழற்படம். உருகிப்போனது பனி; கண்காட்சிச் சுவரிலும் கனத்த புத்தகங்களிலும் இருப்பது என்றும் உருகாத ஒன்று. அழிவைப் பற்றிய கலை என்று நாம் கொண்டாடுவது நம்மிடம் வரும்போதே அழியாப் பொருளாகித்தான் வருகிறது.

கிறிஸ்டோவும் ழான் கிளோடும் நேரெதிர் முனையில் நின்றார்கள். கலிபோர்னியாவின் சோனோமா, மரின் மாவட்டங்களில் 1976 செப்டம்பரில் அவர்கள் எழுப்பிய ‘ஓடும் வேலி’ சுமார் 39 கிலோமீட்டர் நீளம், 5.5 மீட்டர் உயரம். மாட்டுப் பண்ணைக்காரர்கள் 59 பேரின் நிலங்களைக் கடந்து கடலுக்குள் இறங்கிய வெள்ளை நைலான் திரை அது. இருந்தது 14 நாள். அதற்கு முந்தைய பாடு நான்காண்டு. 18 பொது விசாரணைகள் நடந்தன. 450 பக்கச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஒன்று எழுதப்பட்டது. அந்த விசாரணை ஒன்றில் பேசிய பண்ணைப் பெண் ஒருவரை மேசில்ஸ் சகோதரர்களின் ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. தான் அக்கறையாகச் செய்யும் சமையலும் கலைதான், அதுவும் சாப்பிட்டதும் மறைந்துவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இது தெளிவு. அந்தப் பெண் கூலிக்கு வேலை செய்தவருமல்ல, சீட்டு வாங்கி வந்த பார்வையாளருமல்ல. படைப்பு நடக்க வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிய தரப்பு. பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் மூடும் திட்டத்துக்கு 1971 முதல் 1995 வரை 24 ஆண்டு பிடித்தது. சான்சலர் ஹெல்முட் கோல் எதிர்த்தார். 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றமே விவாதித்து வாக்கெடுத்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. ஒரு நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் கட்டடத்தைத் துணியால் சுற்றலாமா என்று வாக்களித்த நிகழ்ச்சி உலகில் வேறில்லை என்றே நினைக்கிறேன். மூடிய கட்டடம் இரண்டு வாரம் நின்றது. வந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். காற்றில் துணி புடைத்து அடங்கியதையும், வெளிச்சம் மாற மாற வெள்ளி நிறம் சாம்பலானதையும் அவர்கள் நேரில் கண்டார்கள். அந்த அனுபவத்தை அவர்களோடு சேர்த்தே காலம் கொண்டுபோய்விடும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிறிஸ்டோவின் படைப்புகளுக்கும் நிழற்படம் இல்லையா, புத்தகம் இல்லையா, அவர் வரைந்த ஓவியங்கள் பெரும் விலைக்குப் போகவில்லையா? எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஓவியங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அவை இனி வரப்போவதன் வரைவுகள். அவற்றை விற்ற பணத்தில்தான் வேலை நடந்தது. விளம்பர நிறுவனத்தின் காசோ அரசு மானியமோ வாங்கவில்லை. படைப்பு முடிந்தபின் அதை வைத்துப் புதிதாக வரைவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டார்கள். சேகரிப்பாளர் கையில் இருப்பது கனவின் சீட்டு. கோல்ட்ஸ்வொர்த்தியின் நிழற்படமோ நடந்து முடிந்ததன் ஒரே பத்திரம். இந்த வேறுபாட்டைச் சிறியதென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதை நழுவிப் போகக் கூடாது. மியாமியின் பிஸ்கேன் விரிகுடாவில் 1983-இல் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புப் பாலிபுரொப்பிலீன் துணியை மிதக்கவிட்டார்கள். அதற்குமுன் அத்தீவுகளிலிருந்து 40 டன் குப்பையை அள்ளினார்கள் என்பதைச் சொல்லிச் சமாதானம் தேடலாம்தான், துணி துணிதான். இதைவிடப் பெரிது 1991-இல் கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் விரித்த 3,100 குடைகள். பலத்த காற்றில் பெயர்ந்த குடை ஒன்று மோதி கலிபோர்னியாவில் ஒரு பெண் இறந்தார். பிரித்தெடுக்கும் வேலையில் மின்சாரம் பாய்ந்து ஜப்பானில் ஒரு தொழிலாளி இறந்தார். இரண்டு உயிர்களைக் கலைக்கான விலை என்று கணக்கில் எழுத எவருக்கும் உரிமை கிடையாது. நிலையாமை என்பது தீங்கின்மையின் மறுபெயராகாது. கிறிஸ்டோவை இந்த அளவுகோலில் மேலே வைப்பதால் அவருடைய கை சுத்தமானது என்று நான் சான்று கொடுப்பதாக ஆகாது.

கோல்ட்ஸ்வொர்த்தியின் சார்பில் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் பார்க்காவிட்டால் என்ன, செய்கையே கலை என்பார்கள். தனி மனிதரின் தவத்துக்கு இது நல்ல நியாயம்; ஆனால் தவம் செய்பவர் ஒளிப்படக்கருவியை மறந்துவிட்டுப் போவதே பொருத்தம். அவர் மறந்ததில்லை. தொடக்க காலத்திலிருந்தே படமும் குறிப்பேடும் ஒழுங்காக வைத்து வந்திருக்கிறார். கிறிஸ்டோவின் படைப்பு வரைபடத்தை வைத்துப் பிறர் நிறைவேற்றக்கூடியது, கோல்ட்ஸ்வொர்த்தியின் பனிப்பாம்பு அவர் விரல் இல்லாமல் பிறக்காது என்றும் சொல்வார்கள். உண்மை. கிறிஸ்டோ 2020 மே மாதம் இறந்தார். பாரிஸின் வெற்றி வளைவு 2021 செப்டம்பரில் அவர் திட்டப்படியே மூடப்பட்டது. ஆனால் இது கைவண்ணம் பற்றிய வாதம், நிலையாமை பற்றியதல்ல. கோல்ட்ஸ்வொர்த்தியே தன் வழக்கத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்தார். ஸ்காட்லாந்தின் குளிர்காலப் பனியைப் பெரும் உருண்டைகளாக்கிக் குளிர்பதனக் கிடங்கில் காத்து, 2000 ஜூன் 21 அன்று லண்டன் தெருக்களில் 13 இடங்களில் வைத்தார். நடுக்கோடையில் வேலைக்குப் போனவர்கள் நின்று தொட்டுப் பார்த்தார்கள். உருக உருக, உள்ளே பொதிந்திருந்த ஆட்டு ரோமம், காக்கை இறகு, முள்கம்பி போன்றவை ஒவ்வொன்றாய் வெளிவந்தன. பனியைக் காக்க மின்சாரம் செலவானதை அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை, போகட்டும். அவருடைய நிலையாப் படைப்புகளில் எனக்கு மேலானதாகப் படுவது இதுதான். காரணம், அழிவு ஊர் அறிய நடந்தது.

மலைச்சரிவில் தனியே ஒருவர் இலையைத் தைத்துவிட்டு எழுந்து போகும் காட்சி நம் மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எளிமையைக் கண்டால் உண்மை என்று நம்பும் பழக்கமும் நமக்கு உண்டு. ஆனாலும் கோல்ட்ஸ்வொர்த்தியை நான் மதிப்பது கல் அடுக்கும் சிற்பியாகவும் தேர்ந்த நிழற்படக் கலைஞராகவும்தான். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில், மரங்களை ஒவ்வொன்றாய் வளைத்துப் போகும் அவருடைய கல்மதில் பல தலைமுறைக்கும் நிற்கும். நிலையாக் கலையில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் என் வாக்கு கிறிஸ்டோ–ழான் கிளோடுக்கே.