பானையும் பெட்டியும்



கானகத்தைக் காப்போம் என்கிறார்கள், காக்கத்தான் வேண்டும். அதற்குக் கோடி கோடியாய்ப் பணம் ஒதுக்குகிறார்கள்; ஒதுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெட்டியிலே பணம் இருக்கிறது; சாவி யாரிடம் இருக்கிறது?

விடை காண நெடுந்தொலைவு போகவேண்டாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையிலே, வடநெம்மேலிக்கு வாருங்கள். அங்கே வரிசை வரிசையாக மண்பானைகள்! வாயைத் துணியால் கட்டிய பானைகள்! உள்ளே இருப்பது பொன்னா, பொருளா? அல்ல. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்! அந்தப் பானைகளுக்கு உரியோர் இருளர் பெருமக்கள்.

ஒரு காலத்தில் அவர்கள் பாம்பைப் பிடித்தார்கள், தோலை விற்றார்கள். அந்தத் தோல் கடல் கடந்தது. சீமான்களுக்கு இடுப்பு வாராயிற்று, சீமாட்டிகளுக்குக் கைப்பையாயிற்று. இருளர் கையில் மிஞ்சியதோ கூழுக்கான காசு! 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. தேவையான சட்டந்தான். ஆனால், இதனை நாடக மேடையிலே காட்சியாக்கிப் பாருங்கள்:

“பாம்பைத் தொடாதே!” என்கிறது சட்டம்.

“தொடவில்லை ஐயா. என் பிள்ளைக்குச் சோறு?” என்கிறார் இருளர் பெரியவர்.

சட்டத்திடம் விடை இல்லை!

விடை தந்தது, 1978-இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். ரோமுலஸ் விட்டேக்கர் எனும் பாம்பியல் அறிஞர் துணை நின்றார். அறிவும் துணிவும் இருளருடையவை. பாம்பைக் கொல்வதில்லை. பிடிப்பர், சில வாரம் பானையிலே பேணுவர், இடைவெளி விட்டு நஞ்செடுப்பர், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விடுவர். அந்த நஞ்சு, குதிரையின் குருதி வழியே மருந்தாகிறது.

2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். மாண்டோர் மாளிகைவாசிகளா? வயல் வரப்பிலே வெறுங்காலோடு நடந்த ஏழைகள்! அவர்களைக் காக்கும் மருந்துக்கு நெடுங்காலமாகப் பெரும்பகுதி நஞ்சு வழங்கி வருவது இருளர் பானை!

2017-இல் அமெரிக்க நாட்டு பிளோரிடாவிலே மலைப்பாம்பு தேட அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அளித்தார்கள். மகிழ்கிறோம். மார்பிலே பதக்கம் குத்தினீர்கள். கையிலே சாவியைக் கொடுத்தீர்களா?

காடழித்த திட்டங்கள் கட்டிய ஈட்டுத்தொகையை மீண்டும் காடு வளர்க்கச் செலவிட, 2016-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் மாநிலங்களுக்குச் சென்ற தொகை 47,000 கோடி ரூபாய்க்கு மேல்! அந்தப் பெட்டியின் சாவி அதிகாரிகள் குழுவிடம். காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்ததோ 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். உரிமை ஊரிலே, பணம் கோட்டையிலே! என்ன விந்தை!

“படிப்பறியாத மக்கள், கணக்கெழுதத் தெரியுமா?” என்பர் சிலர். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான்; பதில் சொல்லத் தகுதி எனக்குண்டு. கட்டுவிரியனின் கழுத்தைப் பிடிக்கும் கையை, கணக்குப் புத்தகமா கடித்துவிடும்? தெரியாவிட்டால் கற்பிக்க ஆள் அனுப்புங்கள். பறிக்க ஆள் அனுப்பாதீர்கள்!

நாம் கேட்பது பிச்சையன்று, பங்கு. காட்டுநிதியில் ஒரு பகுதி, சட்டப்படி, நேராகக் கிராம சபைக்கும் பழங்குடியினர் கூட்டுறவுக்கும் போகட்டும். செலவு செய்யும் குழுவிலே பெண்களும் அமரட்டும். கணக்கை ஊர் நடுவே உரக்கப் படிக்கட்டும்.

தோழர்களே! கானகத்தின் ஓரத்திலே ஒரு குடிசை கண்டால், உள்ளே சென்று அமருங்கள். உரிமைச் சட்டம் இன்னதென்று எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பானையைக் காத்த கை, பெட்டியையும் காக்கும்!